நோடு சொல்வதும் லைப்ரரி சொல்வதும்: வாசகர் கேள்வி – பதில்

கிரிப்டோ நோடுடன் நிரலிலிருந்து பேசுவது பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். நோடு என்பது பிட்காயின் போன்ற வலையின் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து வைத்திருக்கும் மென்பொருள். ஆர்பிசி என்பது நிரலிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பும் வழி. கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவற்றின் நடுவே வரும் சிறுகோடு வாசிக்கும் வசதிக்குத்தான். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், கோடும் இடைவெளியும் இல்லாமல் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: பிட்காயின் கோர் முழுக்க சிங்க் ஆகிவிட்டது. பைதானிலிருந்து ஆர்பிசி லைப்ரரி மூலம் கூப்பிட்டால் ஒரு நாள் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்கிறது, மறுநாள் ‘401’ என்கிறது. கான்ஃபிக் ஃபைலைப் பலமுறை பார்த்துவிட்டேன், தவறு தெரியவில்லை. – வாசகர், பெருங்குடி

பதில்: இவை ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் அல்ல, வேறு வேறு கோளாறுகள். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் உங்கள் கோரிக்கை நோடை எட்டவே இல்லை. ‘401’ என்றால் எட்டிவிட்டது, ஆனால் நோடு உங்களை யாரென்று ஏற்கவில்லை. முதலாவதில் பேசுவது உங்கள் கணினி, இரண்டாவதில் பேசுவது நோடு. பேசுவது யார் என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

லைப்ரரியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நோடு ஓடும் அதே கணினியில் பிட்காயின் சிஎல்ஐ என்ற கட்டளை வரிக் கருவி வழியாக கெட்-பிளாக்செயின்-இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். அதற்கே பதில் வராவிட்டால் பைதானைக் குறை சொல்லிப் பயனில்லை. சாளரத்துடன் வரும் பிட்காயின் கியூடி பதிப்பில் ஆர்பிசி தானாகத் திறக்காது. கான்ஃபிக் ஃபைலில் ‘சர்வர்=1’ என்ற வரி வேண்டும். பின்னணியில் ஓடும் பிட்காயின்டி-யில் அது தானாகவே திறந்திருக்கும்.

அடுத்து போர்ட். உண்மைப் பணம் ஓடும் மெயின்நெட்டுக்கு 8332, உங்கள் கணினியிலேயே ஓடும் சோதனைச் சங்கிலியான ரெக்டெஸ்டுக்கு 18443, பொதுச் சோதனை வலையான சிக்நெட்டுக்கு 38332. பலரும் 8333 என்று போட்டுவிட்டு விழிக்கிறார்கள். அது நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட், உங்கள் நிரலுக்கானது அல்ல. இன்னொரு பொறியும் உண்டு. ஆர்பிசி-போர்ட், ஆர்பிசி-பைண்ட் இரண்டையும் கான்ஃபிக் ஃபைலின் தலைப்பகுதியில் எழுதினால் மெயின்நெட்டுக்கு மட்டுமே செல்லும். ரெக்டெஸ்டுக்கு வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் ரெக்டெஸ்ட் என்று எழுதி அதன் கீழே கொடுக்க வேண்டும். நூறு தடவை படித்தாலும் கண்ணில் படாத தவறு இதுதான், ஏனென்றால் வரி சரியாக இருக்கும், இருக்கிற இடம்தான் தப்பு.

401-க்கு வருவோம். நீங்கள் பாஸ்வேர்டு எதுவும் கொடுக்காவிட்டால் நோடு தன் டேட்டா டைரக்டரியில் ‘.குக்கி’ என்று புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபைலை எழுதும். திறந்து பார்த்தால் ஒரே வரிதான்: இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட ‘குக்கி’ என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் 64 ஹெக்ஸ் எழுத்துகள். நோடு ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த 64 எழுத்தும் மாறும். உங்கள் நிரல் தொடக்கத்தில் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொண்டால், நோடு ரீஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 401தான். ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறு என்று உங்களுக்கு வருவதற்கு இதையே முதலில் சந்தேகிக்கிறோம். இணைப்பு புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குக்கியைப் படியுங்கள். அல்லது, பிட்காயின் கோர் மூலநிரலில் ஷேர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆர்பிசி-ஆத் பைதான் ஸ்கிரிப்டை ஓட்டி, அது தரும் வரியைக் கான்ஃபிகில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டு அங்கே ஹேஷாகத்தான் இருக்கும், ரீஸ்டார்ட்டிலும் மாறாது.

403 வந்தால் பாஸ்வேர்டு பிரச்சினை இல்லை, ஐபி முகவரிக்கு அனுமதி இல்லை. டாக்கரில் நோடு ஒரு கன்டெய்னர், நிரல் இன்னொரு கன்டெய்னர் என்று வைத்திருப்பவர்களுக்கு இது வரும். ஆர்பிசி-அலவ்-ஐபி, ஆர்பிசி-பைண்ட் இரண்டும் சேர்ந்தே வேண்டும். முன்னது இல்லாவிட்டால் பின்னதை நோடு கண்டுகொள்ளாது.

கடைசியாக ஒன்று. நோடு தரும் பிழைச் செய்தி பெரும்பாலும் ஹெச்டிடிபி 500 என்ற குறியோடு வரும், விவரம் உள்ளே ஜேசனில் இருக்கும். 500-ஐக் கண்டதும் எக்செப்ஷன் எறிந்துவிடும்படி நிரல் எழுதியிருந்தால் அந்த விவரம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. உதாரணமாக -28 என்றால் ‘இப்போதுதான் எழுந்திருக்கிறேன், பிளாக் இண்டெக்ஸை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று பொருள். காத்திருந்தால் போதும். உள்ளே இருப்பதை முதலில் படியுங்கள், பிறகு எறியுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் 0.29 பிட்காயின் அனுப்பினார். எங்கள் டேட்டாபேஸில் ஒரு சதோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) குறைவாகப் பதிவாகிறது. லைப்ரரியில் பக் இருக்கிறதா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் நிரலில் 0.29-ஐப் பத்துக் கோடியால் பெருக்கி முழு எண்ணாக மாற்றும் வரி எங்கோ இருக்கும். ஃப்ளோட் எண்ணில் அந்தப் பெருக்கல் 2,90,00,000-க்கு ஒரு நூலிழை கீழே போய் நிற்கும். முழு எண்ணாக வெட்டும்போது 2,89,99,999 ஆகிவிடும். நோடு தொகையை எட்டு தசம இடங்களோடு ஜேசன் எண்ணாகத் தருகிறது. அதை ஃப்ளோட்டாகப் படிப்பதுதான் குற்றம். பைதானில் ஜேசனைப் பிரிக்கும்போதே ‘பார்ஸ்-ஃப்ளோட்’ (இதில் மட்டும் parse_float என்று நடுவே அடிக்கோடு உண்டு) இடத்தில் டெசிமல் வகையைக் கொடுத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அந்த வசதி இல்லாததால், தொகையைப் படித்த கையோடு பத்துக் கோடியால் பெருக்கி, வெட்டாமல் ‘ரவுண்ட்’ செய்து சதோஷி முழு எண்ணாக வையுங்கள். டேட்டாபேஸிலும் சதோஷியாகவே இருக்கட்டும், திரையில் காட்டும்போது மட்டும் பிட்காயினாக மாற்றினால் போதும்.

எதிர்த்திசையில் நோடு கறாராக இருக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் ஃப்ளோட்டில் கூட்டி வரும் 0.30000000000000004-ஐ அனுப்பிப் பாருங்கள், தொகை செல்லாது என்று -3 பிழை கொடுத்துத் திருப்பிவிடும்.

கேள்வி: செண்ட்-டு-அட்ரஸ் கூப்பிட்டோம். 30 நொடியில் டைம்அவுட். எங்கள் நிரல் வழக்கம்போல ரீட்ரை செய்தது. பணம் இரண்டு முறை போய்விட்டது. இது எப்படி நடந்தது, இனி எப்படித் தடுப்பது? – வாசகர், தரமணி

பதில்: இந்த இதழில் மிக முக்கியமான கேள்வி இதுதான். கிரிப்டோ லைப்ரரியைத் தொடும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் நிதானமாகச் சொல்கிறோம்.

டைம்அவுட் என்பது உங்கள் லைப்ரரி காத்திருந்து சலித்துப்போனது, அவ்வளவுதான். நோடுக்கு அது தெரியாது. வரிசையில் ஏறிய வேலையை அது செய்து முடித்தே தீரும். வாலட்டில் ஆயிரக்கணக்கான சிறு தொகைகள் சிதறிக் கிடந்தாலோ, அந்த நேரத்தில் நோடு புதிய பிளாக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாலோ, டிஸ்க் மெதுவாக இருந்தாலோ 30 நொடி தாண்டுவது சாதாரணம். நீங்கள் ரீட்ரை செய்தபோது நோடின் கண்ணுக்கு அது புதிய உத்தரவு. வேறு காசுகளை எடுத்து, வேறு பரிவர்த்தனை கட்டி, அதையும் அனுப்பிவிட்டது.

இதே ஆபத்து இன்னொரு வேடத்திலும் வரும். சும்மா திறந்து கிடக்கும் இணைப்பை நோடு 30 நொடியில் மூடிவிடும். அடுத்த அழைப்பில் ‘புரோக்கன் பைப்’ வரும். அதைச் சமாளிக்கச் சிலர் எல்லாக் கட்டளைக்கும் சேர்த்து ‘விழுந்தால் மறுபடி அனுப்பு’ என்று ஒரே உறை போட்டுவிடுகிறார்கள். இருப்பு கேட்பது, பிளாக் கேட்பது போன்ற வாசிப்புக் கட்டளைகளுக்கு அது சரி. பணம் நகர்த்தும் கட்டளைக்கு ஒருபோதும் ஆகாது.

சரியான வழி, கட்டுவதையும் அனுப்புவதையும் பிரிப்பது. முதலில் வாலட்-கிரியேட்-ஃபண்டட்-பிஎஸ்பிடி. பிஎஸ்பிடி என்பது கையெழுத்து இன்னும் முழுமையாகாத பரிவர்த்தனையின் வடிவம். இந்தக் கட்டளையில் ‘லாக்-அன்ஸ்பெண்ட்ஸ்’ என்ற விருப்பத்தை (இதை மட்டும் lockUnspents என்று U-ஐப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்) ‘ட்ரூ’ என்று வையுங்கள். தேர்ந்தெடுத்த காசுகள் வேறு பரிவர்த்தனைக்குப் போகாமல் பூட்டப்படும். அடுத்து வாலட்-பிராசஸ்-பிஎஸ்பிடி, இது கையெழுத்து போடும். வாலட்டுக்குக் கடவுச்சொல் இருந்து பூட்டியிருந்தால் இங்கே -13 வரும். பிறகு ஃபைனலைஸ்-பிஎஸ்பிடி. இது தரும் ஹெக்ஸ்தான் முழுமையான பரிவர்த்தனை. டீகோட்-ரா-டிரான்சாக்‌ஷன் கொடுத்து அதன் ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்ஸ், ஐடி, உங்கள் ஆர்டர் எண் மூன்றையும் டேட்டாபேஸில் எழுதி கமிட் செய்யுங்கள். இதுவரை ஒரு சதோஷியும் நகரவில்லை. இங்கே எந்தப் படியில் டைம்அவுட் வந்தாலும் தைரியமாக மறுபடி தொடங்கலாம். காசு பூட்டியபடி மாட்டிக்கொண்டிருந்தால் லிஸ்ட்-லாக்-அன்ஸ்பெண்ட் காட்டிக்கொடுக்கும், லாக்-அன்ஸ்பெண்ட் கட்டளையால் விடுவிக்கலாம்.

அதன் பிறகே செண்ட்-ரா-டிரான்சாக்‌ஷன். இங்கே டைம்அவுட் வந்தால் அதே ஹெக்ஸை அப்படியே மறுபடி அனுப்புங்கள். காசும் கையெழுத்தும் ஒன்றேயானதால் எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே பரிவர்த்தனைதான். ஏற்கெனவே பிளாக்கில் ஏறிவிட்டிருந்தால் -27 வரும். அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள். -26 என்றால் மெம்பூல், அதாவது பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசை, மறுத்துவிட்டது, கட்டணம் போதாதது வழக்கமான காரணம். -25 என்றால் அந்தக் காசு வேறெங்கோ செலவாகிவிட்டது அல்லது இல்லை. அப்போது நிறுத்திவிட்டு மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: பூட்டு நோடின் நினைவகத்தில்தான் இருக்கிறது. கட்டிவிட்டு அனுப்பாமல் இருக்கும்போது நோடு ரீஸ்டார்ட் ஆனால் பூட்டு போய்விடும். எழுந்ததும் உங்கள் டேட்டாபேஸில் நிலுவையில் உள்ள ஹெக்ஸ்களை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் புதியவற்றைக் கட்டுங்கள்.

இரண்டாவது முறை போன பணத்தைப் பற்றி: பிளாக்கில் ஏறும் முன்பானால், அதே காசுகளைக் கூடுதல் கட்டணத்தோடு உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்பும் மாற்றுப் பரிவர்த்தனை கட்டிப் பார்க்கலாம். ஏறிவிட்டால், பெற்றவர் திருப்பித் தந்தால்தான் உண்டு.

கேள்வி: பணம் வந்ததா என்று பத்து நொடிக்கு ஒருமுறை நோடைக் கேட்கிறோம். ‘ஒர்க் க்யூ டெப்த் எக்ஸீடட்’ என்று 503 வருகிறது. நோடு தானாகவே செய்தி அனுப்பும் இஸட்எம்க்யூ-க்கு மாறினால் தீருமா? – வாசகர், வேளச்சேரி

பதில்: 503 என்பது வரிசை நிரம்பிவிட்டது என்பதற்கான அறிவிப்பு. பழைய பதிப்புகளில் நான்கு த்ரெட், பதினாறு பேர் நிற்கும் வரிசை, அவ்வளவுதான் இயல்பு அளவு. ஆர்பிசி-ஒர்க்-க்யூ அளவைக் கூட்டலாம், ஆனால் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு கேள்வி என்று நூறு கேள்வி அனுப்புவதை நிறுத்தினால்தான் நோய் தீரும். பல அழைப்புகளை ஒரே ஜேசன் வரிசையாகக் கட்டி அனுப்பும் பேட்ச் முறையை நோடு ஏற்கும். இன்னொன்று: பைதான் ஆர்பிசி லைப்ரரியின் ஒரே ஆப்ஜெக்டைப் பல த்ரெட்கள் பகிர்ந்தால் ‘ரெக்வெஸ்ட்-சென்ட்’ என்று புரியாத பிழை வரும். த்ரெட்டுக்கு ஓர் இணைப்பு வையுங்கள்.

இஸட்எம்க்யூ நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது கூவிவிட்டுப் போகும், நீங்கள் கேட்டீர்களா என்று பார்க்காது. உங்கள் நிரல் விழுந்து கிடந்த நேரத்தில் போன செய்தி போனதுதான். ஒவ்வொரு செய்தியின் மூன்றாவது பகுதியிலும் நான்கு பைட்டில் ஒரு வரிசை எண் வரும். எண் தாவினால் இடையில் தவறியிருக்கிறது என்று பொருள். எனவே அதை அழைப்புமணியாக மட்டும் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் லிஸ்ட்-சின்ஸ்-பிளாக் கேளுங்கள். அது தரும் ‘லாஸ்ட்-பிளாக்’ ஹேஷைச் சேமித்து அடுத்த முறை அதிலிருந்து தொடருங்கள். இரண்டாவது மதிப்பாக 6 கொடுத்தால் கடைசி சில பிளாக்குகள் ஒவ்வொரு முறையும் திரும்ப வரும். அது வேண்டியதுதான். பரிவர்த்தனை ஐடியும் வெளியீட்டு எண்ணும் சேர்ந்த ஜோடியை டேட்டாபேஸில் தனித்த சாவியாக வைத்தால் இரட்டைப் பதிவு ஆகாது. பதிலில் ‘ரிமூவ்டு’ பட்டியல் இருக்கும், சங்கிலி மாறியதால் வெளியேறியவை அதில் வரும். அதைப் படிக்காமல் விடுபவர்களே அதிகம். உறுதிப்பாட்டு எண் மைனஸில் இருந்தால், அந்தக் காசை வேறொரு பரிவர்த்தனை கொண்டுபோய்விட்டது என்று பொருள்.

கேள்வி: நோடு பெரம்பூரில் என் வீட்டில். நிரல் வாடகை சர்வரில். 8332-ஐ ரௌட்டரில் திறந்துவிட்டால் ஆபத்தா? – வாசகர், பெரம்பூர்

பதில்: ஆபத்து. திறக்கவே கூடாது. பிட்காயின் கோரின் ஆர்பிசி-யில் குறியாக்கம் கிடையாது. முன்பு இருந்த எஸ்எஸ்எல் வசதியை 0.12 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். உங்கள் பாஸ்வேர்டு பேஸ்64 உருவில், அதாவது யாரும் ஒரு நொடியில் படிக்கும்படி, வழியெல்லாம் போகும்.

வீட்டு இணைப்புகள் பலவற்றில் தனி பொது ஐபி கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒரே ஐபியைப் பகிர்கின்றன. அப்படியானால் ரௌட்டரில் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. ஆகவே வீட்டிலிருந்து சர்வரை நோக்கி எஸ்எஸ்ஹெச் ரிவர்ஸ் டனல் போடுங்கள், அல்லது வயர்கார்ட் என்ற விபிஎன் அமையுங்கள். சர்வரில் உள்ள நிரல் 127.0.0.1-இன் 8332-ஐத் தொட்டால் வீட்டு நோடுக்குப் போய்ச்சேரும். அந்த நிரலின் பயனருக்கு ஆர்பிசி-ஒயிட்லிஸ்ட் வரியில் தேவையான கட்டளைகளை மட்டும் கொடுங்கள். இருப்பு பார்க்கும் நிரலுக்குப் பணம் அனுப்பும் உரிமை எதற்கு?

வீட்டில் ஓட்டுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. முழுச் சங்கிலி இப்போது 600 ஜிபி-யைத் தாண்டிவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிஸ்க் வாங்கப் போனால் 2 டிபி எஸ்எஸ்டி-யே கேளுங்கள், சுழலும் ஹார்டு டிஸ்க் முதல் சிங்க்கிலேயே திணறும். இடமில்லாவிட்டால் பழைய பிளாக்குகளை அழித்துவிடும் ‘ப்ரூன்=550’ போடலாம், ஆனால் எல்லாப் பரிவர்த்தனைக்கும் அட்டவணை வைக்கும் டிஎக்ஸ்-இண்டெக்ஸ் அதோடு சேராது, பழைய பரிவர்த்தனைகளை ஐடி கொடுத்துத் தேட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் வரும் நாட்களுக்கு யூபிஎஸ் கட்டாயம். திடீரென்று அணைந்தால் டேட்டாபேஸ் கெட்டு, பல மணி நேரம் ரீஇண்டெக்ஸில் போகும். அணைக்கும்போது ‘ஸ்டாப்’ கொடுத்து, பிராசஸ் உண்மையிலேயே முடியும்வரை காத்திருங்கள்.

கேள்வி: வெப்3 பைதான் லைப்ரரியில் இணைப்பு ‘ட்ரூ’ என்கிறது, ஆனால் பிளாக் எண் எப்போதும் பூஜ்யம். – வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: எதீரியம் நோடு மென்பொருளான கெத் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். 2022 செப்டம்பர் 15-க்குப் பிறகு எதீரியத்தில் கெத் தனியாக சிங்க் ஆகாது. லைட்ஹவுஸ், பிரிஸம் போன்ற ஒரு கன்சென்சஸ் கிளையண்ட் (எந்தச் சங்கிலி செல்லும் என்று கெத்துக்குச் சொல்லும் மென்பொருள்) கூடவே ஓட வேண்டும். இரண்டும் 8551 போர்ட்டில் ஒரே ஜேடபிள்யூடி ரகசிய ஃபைலைக் கொண்டு பேசிக்கொள்ளும். உங்கள் நிரல் தொட வேண்டியது 8545. தொகை, ஈதரின் மிகச் சிறிய அலகான வெய் கணக்கில் ஹெக்ஸாக வரும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைதான் துல்லியம், அது 0.01 ஈதர்கூட முழுதாகத் தேறாது. பிக்இன்ட் தவிர வேறெதிலும் வைக்காதீர்கள்.

கேள்வி: கையில் காசில்லாமல் இதையெல்லாம் பழக முடியுமா? – கல்லூரி மாணவி, கிண்டி

பதில்: தாராளமாக. ரெக்டெஸ்ட் முறையில் நோடை எழுப்புங்கள். சங்கிலி முழுக்க உங்களுடையது, டவுன்லோடு எதுவும் இல்லை. கிரியேட்-வாலட் கொடுத்து ஒரு வாலட், கெட்-நியூ-அட்ரஸ் கொடுத்து ஒரு முகவரி, பிறகு ஜெனரேட்-டு-அட்ரஸ் கட்டளையில் 101 பிளாக். 100 பிளாக் என்று நிறுத்தினால் இருப்பு பூஜ்யமாகவே இருக்கும். சுரங்கப் பரிசு, தன் மேல் இன்னும் 100 பிளாக் ஏறிய பிறகே செலவுக்கு வரும். 101 ஆனதும் 50 பிட்காயின் தெரியும். அனுப்பும்போது கட்டணக் கணிப்பு தோற்றது என்று பிழை வந்தால் கான்ஃபிகில் ‘ஃபால்பேக்-ஃபீ=0.0002’ சேருங்கள். இரண்டாவது வாலட் திறந்ததும் -19 வரும். எந்த வாலட் என்று நோடு கேட்கிறது. முகவரியின் கடைசியில் சாய்கோடு, ‘வாலட்’, சாய்கோடு, வாலட் பெயர் என்று சேருங்கள்.

இணைந்ததும் தரமணி வாசகருக்கு நடந்ததை நீங்களே நடத்திப் பாருங்கள். லைப்ரரியின் டைம்அவுட்டை ஒரு மில்லிநொடி ஆக்கி செண்ட்-டு-அட்ரஸ் கூப்பிடுங்கள், பிழை வந்ததும் இன்னொருமுறை கூப்பிடுங்கள். பிறகு லிஸ்ட்-டிரான்சாக்‌ஷன்ஸ் எடுத்து எத்தனை வரி வந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.